உன் பெயரை நான் சொல்லவில்லை

நேற்று மாலை ஜெனிட்டா உன் சட்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். மின்சாரத்தில் மெதுவாக வேகவைக்கும் அந்தச் சட்டியை நீ வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது சேலையில் சுற்றி மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தாய். வாடகை வீட்டைக் காலி செய்கிறாளாம், இதை யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லையாம். அவள் போன பிறகு மூடியைத் திறந்தேன். கழுவித் துடைத்து எட்டு மாதம் அலமாரிக்கு மேலே கிடந்த பிறகும் உள்ளே வெங்காயத் தோல் வாசனை இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நீ அதில் வெங்காயத் தோலும் கொஞ்சம் டீத்தூளும் போட்டு, முட்டைகளை ஓட்டோடு இறக்கி வைப்பாய். மறுநாள் பத்து மணிக்கு அவை மரப்பட்டை நிறத்தில் உன் துணிப்பையில் என் வீட்டுக்கு வந்துசேரும்.

இன்று சனிக்கிழமை. மூன்று ஆண்டுகள் இந்த நேரத்துக்குக் கீழே தெருவிலிருந்து, "ஏளா, கதவத் திற, முட்ட ஆறிப்போவுது" என்று உன் குரல் கேட்டது. அதற்குப் பிந்திய இரண்டு ஆண்டுகளும் நீ வந்தாய், முட்டையும் வந்தது. ஆனால் கூப்பிட்டது, தோழியைக் கூப்பிடும் அந்த "ஏளா" போய், "டீச்சர்" என்று. ஏன் அப்படி மாறியது என்று நீயும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அதை இன்றாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உன்னை நான் அறிந்ததே உன் மகள் வழியாகத்தான். ஜெனிட்டா ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். சங்கு குளிக்கப் போய்க்கொண்டிருந்த உன் கணவர் அந்த ஆண்டுதான் இறந்தார், கடலில் அல்ல, வீட்டில், நெஞ்சுவலி வந்து. அடக்கம் முடிந்து நான்காம் நாள் பள்ளிக்கு வந்த பிள்ளையிடம், அம்மா வந்தார்களா என்று கேட்டேன். "அம்மாக்கு விசா பிரச்சினை டீச்சர். ஊருக்கு வந்தா திரும்ப அங்க உள்ள விடமாட்டாவளாம்" என்றாள். மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறவளைப் போல இருந்தது. அவளுடைய அத்தை, உன் கணவரின் தங்கை, தெருவில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியம் அது. உனக்காக ஊரோடு மல்லுக்கு நின்றவள் அவள்தான். பிள்ளையை வளர்த்தவளும் அவள்தான்.

அப்போது நீ இஸ்ரேலில், ஹைஃபாவுக்குப் பக்கத்தில், பார்வை மங்கிய ஒரு முதிய பெண்மணியைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாய். கொச்சியில் பிறந்து, சிறுமியாகக் கப்பலேறிப் போன யூதப் பெண். அவருடைய மறந்துபோன மலையாளமும் உன்னுடைய தூத்துக்குடித் தமிழும் எப்படியோ ஒன்றையொன்று புரிந்துகொண்டன. பதினோரு ஆண்டுகள். அவர் காலமான பிறகுதான் நீ ஊர் திரும்பினாய். திரும்பிய வாரத்திலேயே, மகளைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி சொல்ல என் வீட்டுப் படியேறி வந்தாய். நான் பணி ஓய்வு பெற்று, தனியாக, நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்த காலம். வலது பக்க நாற்காலியை இழுத்துப் போட்டேன். இடது பக்கத்துக்கு மாற்றிப் போட்டு உட்கார்ந்தாய். உன் ஒரு காது கேட்காது என்பதும், அது ஏன் என்பதும் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

வாரப் பங்கு என்று நீ சொல்லித்தான் கேள்விப்பட்டேன். நம் விவிலியத்தின் முதல் ஐந்து நூல்கள்தான் அவர்களுடைய தோரா. அதை ஓர் ஆண்டுக்குள் வாசித்து முடிக்கும்படி வாரத்துக்கு ஒரு பகுதியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். உலகத்தில் எந்த மூலையில் இருக்கும் யூதரும் அந்த வாரம் அதே பகுதியைத்தான் வாசிப்பார். அந்த அம்மாவின் மகன் வெள்ளிக்கிழமை மதியமே தொலைபேசியில் அதை அவருக்கு வாசித்துக் காட்டிவிடுவாராம். சூரியன் சாய்ந்து ஓய்வு நாள் தொடங்கிவிட்டால் தொலைபேசியைத் தொடமாட்டார்கள், அடுப்பும் பற்றவைக்கமாட்டார்கள்; அதற்காகத்தான் இரவெல்லாம் தானாக வேகும் அந்தச் சட்டி. நீ குசினியில் கேரட் சீவிக்கொண்டே கேட்டிருக்கிறாய். மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அந்த அம்மா உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இந்த வாரம் இது நம்ம வீட்டில் எங்கே நடந்தது?" என்று கேட்பாராம். நீ ஒன்று சொல்ல வேண்டும், அவர் ஒன்று சொல்வார். முதல் வாரம் ஓய்வு நாளைப் பற்றிய பகுதி வந்தபோது உனக்கு ஒன்றும் தோன்றாமல், "எங்க ஊர்ல ஞாயித்துக்கெழம ஒரு போட்டும் கடலுக்குப் போவாது" என்று சொல்லியிருக்கிறாய். அவர், "அது மீன்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் நீ சிரித்தாய், நூறாவது தடவையும் புதிதாகச் சிரித்தாய்.

அந்த வழக்கத்தை என் கூடத்தில் மறுபடி தொடங்கினோம். உன் கைபேசியில் அந்தந்த வாரத்தின் பகுதி எது என்று பார்த்துச் சொல்வாய். நான் நம் தமிழ் விவிலியத்தில் எடுத்து வாசிப்பேன். பிறகு முட்டையை உரித்து, உப்பும் மிளகும் தூவி, கேள்விக்கு வருவோம். தெருவில் சிலர், ரெண்டு பேரும் யூத சபையில் சேர்ந்துவிட்டார்களா என்று கேலி செய்தார்கள். நீ, "சேரணும்னாலும் அவுங்க சேக்கமாட்டாவ, வயசாயிட்டு" என்று சொல்லிக் கடந்துபோனாய்.

ஒரேயொரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. அது அந்த அம்மா வைத்தது என்றாய். சொல்லும் சம்பவம் சொந்த வீட்டுக்குள் நடந்ததாக இருக்க வேண்டும். அடுத்த வீட்டுச் சம்பவத்தைச் சொல்லக்கூடாது. முதல் நாளே நான் எதிர்வாதம் செய்தேன். முப்பத்தைந்து ஆண்டு வகுப்பறையில் நின்றவள் நான். எந்தப் பாடத்துக்கும் கைவசம் பத்து உதாரணம் இருக்கும், எல்லாம் பிறர் கதை. கல்யாணம் செய்துகொள்ளாதவள், வீட்டில் நான் ஒருத்திதான், இங்கே என்ன நடந்துவிடப்போகிறது என்று கேட்டேன். நீ முட்டை ஓட்டைப் பொறுக்கிக்கொண்டே சொன்னாய்:

"ஒருத்தி இருந்தா போதும் ஏளா. எல்லாக் குத்தமும் நடக்கும்."

உன்னுடைய பாடங்கள் எளிமையானவை. ஆபிரகாம் வழிப்போக்கர்களிடம் கொஞ்சம் அப்பம் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, கன்றுக்குட்டியை அடித்து விருந்து வைக்கிறார். "கொஞ்சமாச் சொல்லி நெறையச் செஞ்சிருக்காவ. என் வீட்டுல தலைகீழு. நாத்தனாளுக்குக் கணவாய்க் குழம்பு கொண்டாரேன்னு மூணு வாரமாச் சொல்லுதேன்" என்றாய். அன்று மாலையே குழம்பு போய்ச் சேர்ந்தது. ஏசா பசியோடு வந்து ஒரு கிண்ணம் கூழுக்கு மூத்தமகன் உரிமையை விட்டுக்கொடுக்கும் வாரத்தில், வேலை முடிந்து வரும் ஜெனிட்டாவிடம் சாப்பிட்டு முடிக்கும்வரை எதுவும் கேட்பதில்லை என்று தீர்மானித்தாய். நானும் கற்றுக்கொண்டேன். என் வீட்டுக்குள் தேடத் தேட, பெங்களூரில் இருக்கும் என் தம்பியிடம் நான் பேசாமல் விட்ட மாதங்கள், வீடு கூட்ட வருகிறவளிடம் நான் காட்டும் முகம், எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. என் வாழ்க்கையிலேயே நான் நிஜமாகவே மாணவியாக உட்கார்ந்த ஒரே காலம் அது.

மூன்றாம் ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழா முடிந்த கொஞ்ச நாளில், லேவியர் நூலின் ஒரு பகுதி வந்தது. குருவாகத் திருநிலைப்பட்ட ஆரோனின் இரண்டு மகன்கள் பலிபீடத்துக்கு முன்பாகவே எரிந்துபோகிறார்கள். ஆரோன் ஒன்றும் பேசவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறது. இது விசுவாசத்தின் மௌனம் என்று நான் விளக்கிக்கொண்டு போனேன். நீ கையைக் காட்டி நிறுத்தினாய்.

"பேசாம இருக்கதுல எத்தனையோ வகை இருக்கு ஏளா" என்றாய். அப்புறம் சொன்னாய். கணவர் இறந்த செய்தி வந்தபோது நீயும் பேசவில்லை. அந்த அம்மா உன் கையைப் பிடித்துக்கொண்டு, போய்விட்டு வா, மகன் மூலம் எல்லாம் ஏற்பாடு செய்கிறேன், எத்தனை நாளானாலும் காத்திருக்கிறேன் என்றார். விசாவில் ஒரு சிக்கலும் இல்லை. நீதான் போகவில்லை. ஊருக்குத் தொலைபேசியில் விசா என்று சொன்னது நீயாகச் சொன்ன பொய். உன் ஒரு காது கணவர் அடித்ததில் போனது, மிச்சமிருக்கும் காதில் இனி அவர் குரல் கேட்காது என்பதுதான் அன்று உனக்குத் தோன்றிய ஒரே எண்ணம். அழுகை வரவில்லை. குசினிக்குப் போய் மீதிக் கேரட்டைச் சீவினாய்.

"அவருக்காக எனக்கு வருத்தம் இல்ல. ஆனா அங்கன கல்லறையில எம்புள்ள ஒத்தையா நின்னாள்லா, அது என்னய விடமாட்டேங்கு. அவட்ட ஒருநாள் நான் சொல்லணும். வேற யாரும் சொல்லி அவ கேக்கக் கூடாது. என் வாயால சொல்லணும்."

எப்போது என்று கேட்டேன். கொஞ்சம் தைரியம் வரட்டும் என்றாய். எனக்கு அன்று உன்மேல் இருந்த மரியாதையைச் சொல்ல முடியாது. மனம் நிறைந்து கிடந்தது. அப்படி நிறைந்து கிடந்ததுதான் ஆபத்தாகப் போயிற்று. ஒரு நல்ல கணக்கு கிடைத்தால் அதைக் கரும்பலகையில் போடாமல் இருக்க முடியாத பழக்கம் எனக்கு.

அடுத்த புதன்கிழமை எங்கள் தெருவின் அன்பியக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு வீட்டுப் பெண்கள் சேர்ந்து செபமாலை சொல்லி, விவிலியம் வாசித்து, கலந்துபேசுவோம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். அன்று நீ வரவில்லை, ஜெனிட்டாவுக்குக் காய்ச்சல். பிறரைத் தீர்ப்பிடக்கூடாது என்பது அன்றைய கருத்து. என்னைப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெண் இருந்தாள் என்று தொடங்கினேன். வெளிநாட்டில் வேலை பார்த்தவள், கணவன் கையால் துன்பப்பட்டவள், அவன் இறந்தபோது வர வழியிருந்தும் வராதவள், வேறு காரணம் சொல்லிச் சமாளித்தவள். அவளைக் கெட்டவள் என்று நாம் சொல்லிவிடலாம், ஆனால் அவள் பட்டது நமக்குத் தெரியுமா என்று கேட்டேன். குரலை எங்கே இறக்க வேண்டுமோ அங்கே இறக்கினேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, பாடம் நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. ஊர்ப் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் நம் தெருவில் வெளிநாட்டுக்குப் போய் வீட்டு வேலை பார்த்த பெண், அதுவும் கணவன் அடக்கத்துக்கு வராத பெண், எத்தனை பேர்? உதாரணம் சொல்கிறவளுக்கு அது தோன்றவில்லை.

உன் நாத்தனார் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் முடித்ததும் எழுந்தாள். சத்தம் போடவில்லை.

"டீச்சர் யாரச் சொல்லுதாவன்னு எல்லாருக்கும் தெரியும். மைனிக்கு விசா கிடைக்கலன்னு நாந்தான் இத்தன வருசமா வீடு வீடாச் சொல்லிட்டுத் திரிஞ்சேன். எங்க அண்ணன் பெட்டிய மூடும்போது அந்தப் பிள்ள கையப் பிடிச்சிட்டு நின்னதும் நாந்தான்" என்றாள். பிறகு செபப் புத்தகத்தை மூடி நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள்.

அன்று மாலையே அது ஜெனிட்டாவின் காதுக்குப் போயிற்று. காய்ச்சலோடு இருந்த பிள்ளை இரண்டு பைகளில் துணிகளை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள் என்று மறுநாள் மீன் வாங்கும் இடத்தில் கேள்விப்பட்டேன். நான்கு மாதம் அவள் உன்னோடு பேசவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் உள்ள ஏற்றுமதி ஏஜென்ட் அலுவலகத்துக்கு அவள் பஸ் ஏறும் நிறுத்தத்தில் நீ காலையில் போய் நிற்பதாகவும், அவள் உன்னைத் தாண்டி ஏறிப் போவதாகவும் சொன்னார்கள். எனக்கு உன் வீட்டுக்கு வரக் கால் வரவில்லை. அந்த வாரச் சனிக்கிழமை நீ வரமாட்டாய் என்றே நினைத்தேன். அப்படி நினைத்தபோது நெஞ்சின் ஒரு மூலையில் ஒரு நிம்மதியும் இருந்தது, அதை மறைக்க விரும்பவில்லை.

நீ வந்தாய். பத்து மணிக்கு, முட்டையோடு. கீழேயிருந்து, "டீச்சர்" என்று கூப்பிட்டாய்.

அந்த வாரத்துக்கு வந்திருந்த பகுதியை நீயோ நானோ தேர்ந்தெடுக்கவில்லை. தோல் நோயைப் பற்றியும், வீட்டுச் சுவரில் படரும் கறையைப் பற்றியும் சொல்லும் அதிகாரங்கள். பிறரைப் பற்றிப் பேசிய நாக்கினால்தான் அந்த நோய் வரும் என்று அவர்களுடைய பெரியவர்கள் விளக்கம் சொல்வதாக முந்தைய இரண்டு ஆண்டுகளும் நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். அன்று அதைச் சொல்லவில்லை. நான் வாசித்து முடித்தேன். இந்த வாரம் இது எங்கே நடந்தது என்ற கேள்வி நம் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"என் வீட்டுல இந்த வாரம் ஒண்ணும் நடக்கல" என்றாய்.

என் முறை வந்தது. நான் என்ன சொன்னேன் என்று நினைவிருக்கிறதா? குளியலறைச் சுவரில் ஈரம் கசிந்து பச்சையாகப் படர்ந்திருப்பதைப் பற்றிச் சொன்னேன். அதைச் சுரண்டிவிட்டுப் புதுப்பூச்சு பூச வேண்டும் என்று ஆள் வந்து சொன்னதை, அந்தப் பகுதியில் குரு வந்து சுவர்க்கறையைப் பார்ப்பதோடு ஒப்பிட்டு விளக்கினேன். பொருத்தமான உதாரணம். நீ பொறுமையாகக் கேட்டுக்கொண்டாய். கிளம்பும்போது படியில் நின்று திரும்பினாய்.

"டீச்சர், நீங்க பேரச் சொல்லலன்னு சொல்லுதாவ. நெசந்தானா?"

"ஆமா, பேரச் சொல்லவே இல்ல."

"சரி" என்றாய்.

ஒரு வழக்கில் விடுதலை கிடைத்தவளைப் போல நான் கதவைச் சாத்தினேன். உன் கேள்விக்கு நான் சொன்ன பதில் உண்மை. ஓர் ஆசிரியை தப்பித்துக்கொள்ளும் வகையான உண்மை. நீ எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டாய் என்றும், நான் அதன் வழியாக வெளியே ஓடிவிட்டேன் என்றும் இன்று புரிகிறது.

அதன் பிறகும் நீ வாராவாரம் வந்தாய். ஆனால் உன் வீட்டுக் கதவு எனக்குச் சாத்தியே இருந்தது. நம் கட்டுப்பாட்டை நீ மீறவில்லை, உன் வீட்டிலிருந்துதான் சொன்னாய். பால் பொங்கியது, குழாயில் தண்ணீர் வரவில்லை, குக்கர் கைப்பிடி உடைந்தது, இப்படி. ஜெனிட்டா திரும்பி வந்ததைக்கூட நீ சொல்லவில்லை, ஒருநாள் உன் வீட்டு மாடியில் அவள் சுடிதார் காய்வதைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மகிழ்ச்சி என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஆண்டு நீ சில சனிக்கிழமைகள் வரவில்லை. உறவினர் வீடு, திருமணம் என்றாய். பிறகு தலையில் ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாய். வெயில் என்றாய். கன்னம் ஒட்டியிருந்தது. முட்டையை உரித்து எனக்குக் கொடுத்தாய், நீ சாப்பிடவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளில், பசியோடு வந்த பிள்ளை எது, வீட்டில் அடிவாங்கி வந்த பிள்ளை எது என்று வகுப்பில் நுழைந்ததும் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெருமை பேசியவள் நான். உன்னைப் பார்த்தேன், எல்லாம் தெரிந்தது, கேட்கவில்லை. நீ சொல்லவில்லை என்பது உன்னுடைய உரிமை. நான் கேட்காமல் இருந்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை.

ஒரு வாரத்தை மட்டும் விவரமாக எழுதிவிடுகிறேன். எண்ணிக்கை நூலில், வைகாசி மாதம் வந்த பகுதி. ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்துவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் வருகிறது. ஈடு கொடுப்பதற்கு முன்பாக, செய்த குற்றத்தை வாய்விட்டு அறிக்கையிட வேண்டும். நான் உற்சாகமாகிவிட்டேன். வருந்துவது வேறு, அறிக்கையிடுவது வேறு என்று பிரித்துச் சொன்னேன். மனதுக்குள் வருந்துகிறவன் தன்னோடுதான் பேசுகிறான், தீங்கு பட்டவனுக்கு அது கேட்காது என்றேன். வகுப்பில் கண்ணாடியை உடைத்த பையன் ஒருவன் தினமும் எனக்குப் பூ கொண்டுவந்து கொடுத்த கதையைச் சொன்னேன். "பூவெல்லாம் தந்தான், நான்தான் உடைத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை" என்று சிரித்தேன்.

நீ சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். கோபமான பார்வை அல்ல. பஸ் வருகிறதா என்று பார்ப்பது போன்ற பார்வை. வெளியே நிலக்கரி லாரி ஒன்று போய், சன்னல் கதவு அதிர்ந்து அடங்கியது. அந்த நேரம் முழுவதும் பார்த்தாய். என் முகம் சுட்டது. நான் குனிந்து பக்கத்தைப் புரட்டினேன்.

"சரி டீச்சர், அடுத்தத வாசிங்க" என்றாய்.

அதற்குப் பிறகு சில மாதங்கள்தான். நீ மருத்துவமனையில் இருக்கிறாய் என்ற செய்தி வந்த மறுநாளே, நீ போய்விட்டாய் என்ற செய்தியும் வந்தது. அடக்கத்தில் நான் பெண்களுக்குப் பின்னால் கடைசியாக நின்றேன். உன் நாத்தனாரும் ஜெனிட்டாவும் கை கோத்து நின்றார்கள். இந்த எட்டு மாதமும் எனக்குள் ஒரே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது. அன்று நான் அதைப் பேசியிருக்காவிட்டால், நீ உன் வலியை முதலில் என்னிடம்தான் சொல்லியிருப்பாய். நான் உடனே கூட்டிப்போயிருப்பேன். நீ யாரிடமும் சொல்லாமல் நோயை வளரவிட்டதற்கு நான்தான் காரணம்.

நேற்று ஜெனிட்டாவிடம் அதைத்தான் மெல்லக் கேட்டேன். அம்மா எப்போது சொன்னார்கள் என்றேன். அவள் டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். கட்டி தெரிந்த அன்றே நீ அவளிடம் சொல்லிவிட்டாய். மறுநாளே மருத்துவரைப் பார்த்தீர்கள். சிகிச்சை எதிலும் தாமதம் இல்லை. நாத்தனாருக்கும் தெரியும், திருநெல்வேலிக்கு மாறிமாறிக் கூட்டிப்போனவர்கள் அவர்கள் இருவரும்தான்.

என்னிடம் மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் தயங்கினாள்.

"டீச்சருக்குத் தெரியாண்டாம், தெரிஞ்சா இத வச்சு ஒரு பாடம் எடுத்துருவாவன்னு சொன்னாவ. சிரிச்சிட்டேதான் சொன்னாவ டீச்சர். கோவமாச் சொல்லல."

அது எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். உன் உயிர் என் கையில் இருந்ததாக எட்டு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேனே, அதிலும் என்னையே நடுவில் வைத்துத்தான் யோசித்திருக்கிறேன். நீ தனியாக இல்லை. உன்னைத் தாங்க ஆட்கள் இருந்தார்கள். அந்த இடத்தில் நான் இல்லை, அவ்வளவுதான்.

அப்போதுதான் அவளிடம் சொன்னேன். "தப்பு என்மேலதாம்மா. உங்க அம்மா தன் வாயால உங்கிட்ட சொல்ல வேண்டியத, நான் ஊருக்குச் சொல்லிட்டேன். பேரச் சொல்லலங்கிறதெல்லாம் சால்ஜாப்பு. சொன்னது நான்தான்." ஜெனிட்டா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"இத அம்மாட்ட சொன்னியளா டீச்சர்?"

"இல்ல."

 என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "மருந்து ஏத்திட்டு வந்தா ரெண்டு நாளைக்கு எந்திரிக்க முடியாது. வாந்தியாக் கெடக்கும். இந்தச் சனிக்கெழம போவாண்டாம்மான்னு நானும் அத்தையும் சொல்லுவோம். கேக்கமாட்டாவ. துணியத் தலையில கெட்டிட்டு, 'இன்னைக்கு அவ சொல்லிருவா, நான் போகாம இருந்தா யார்ட்ட சொல்லுவா'ன்னு கெளம்பிருவாவ. வரும்போது நாங்க கேக்கமாட்டோம். மூஞ்சியப் பாத்தாலே தெரியும்."

நீ வந்துகொண்டிருந்ததை நான் மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டேன். மன்னித்துவிட்டாள், இல்லாவிட்டால் வருவாளா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, உன் கையால் உரித்த முட்டைகளைத் தின்றேன். நீயோ உடம்பு முடியாத நாட்களிலும் படியேறி வந்து, என் எதிரில் உட்கார்ந்து, நான் வாய் திறப்பதற்காகக் காத்திருந்தாய். இரண்டு ஆண்டுகள், ஏறக்குறைய நூறு சனிக்கிழமைகள். அத்தனையிலும் நான் பேசிக்கொண்டேதான் இருந்தேன்.

தப்பு என்னுடையது. நேற்று ஜெனிட்டாவிடம் அதைச் சொல்லி முடிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. உனக்குக் கொடுக்காத அந்த ஒரு நிமிடத்தைத்தான் இனி சுமக்க வேண்டும்.